சோலைவரிக்கு உதவுவதென்றால் ஜனவரியில் உதவுங்கள்

சோலைவரி வீட்டின் வருடாந்தப் பெறுமதியைப் பார்க்கிறதே தவிர, வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. கலவான போன்ற ஊர்களில் கணவரை இழந்த தாய்க்கும் பக்கத்து வீட்டு வியாபாரிக்கும் பிரதேச சபை ஒரே மாதிரித்தான் பட்டியல் அனுப்பும்.

முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். கையில் காசுள்ளவருக்கே இச்சலுகை போய்ச் சேர்கிறது. இல்லாதவர் பிந்துகிறார். நிலுவை நீண்டால் வாரண்ட் கட்டணமும் சேரும்; வீட்டுப் பொருட்களைக் கைப்பற்றவும் சபைக்கு அதிகாரமுண்டு.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் ஏழைகளும் கடனாளிகளும் அடங்குவர் (அத்தவ்பா: 60). ரமழானில் உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம், நல்லதுதான். உலமாக்களிடம் கேட்டு, வரி கட்ட வழியில்லாத நாலைந்து குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் நிர்வாகம் ஜனவரியிலேயே முழுத் தொகையையும் கொடுத்தால் என்ன? அதே உதவியை டிசம்பரில் செய்தால் பத்தில் ஒரு பங்கு வீண்.

மதிப்பீடு கூடுதலென்று நினைப்பவர், அறிவித்தலிலுள்ள திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். நிலுவையுள்ளவர் கிராம உத்தியோகத்தரின் வருமான அத்தாட்சியை இணைத்து, தவணை கேட்டுத் தவிசாளருக்கு எழுதலாம். வாயால் கேட்பது வாசலோடு போய்விடும். கடிதப் பிரதியில் சபையின் திகதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.