கண்டுபிடித்தவர்களே தயங்கிய கருவி

பணமும் ஆற்றல்மிக்க பொறியாளர்களும் இருந்தால் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் புத்தாக்கம் தானாக மலரும் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டும் நிறைந்திருந்தும் புதிய பொருளை வெளியிடத் தயங்கிய நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த கோடாக் அவற்றுள் ஒன்று.

1975ஆம் ஆண்டில், கோடாக்கில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர், படச்சுருள் தேவைப்படாத புகைப்படக் கருவி ஒன்றை உருவாக்கினார். பழைய உதிரிப்பாகங்களுக்கிடையே கண்டெடுத்த வில்லை, 16 மின்கலங்கள், ஒலிநாடாப் பதிவுக் கருவி முதலியவற்றை இணைத்து அதைச் செய்திருந்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நாடாவில் பதிவாக 23 வினாடிகள் ஆயின. அப்படத்தைத் தொலைக்காட்சித் திரையில்தான் காண முடியும். மின்னிலக்கப் புகைப்படக் கருவியின் தொடக்கம் அதுவே.

மேலாளர்களுக்கு அது வியப்பளித்தது. ஆனால், தம் படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்க யார்தான் விரும்புவார்கள் என்ற ஐயமும் எழுந்தது. 1978இல் கோடாக் அதற்குக் காப்புரிமை பெற்றது. கருவியோ கடைக்கு வரவில்லை.

அந்த மேலாளர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, அது நியாயமன்று. கோடாக்கின் பெரும் இலாபம் கருவிகளிலிருந்து கிடைக்கவில்லை. இன்றைய மாணவர்கள் பலர் கண்ணால்கூடக் கண்டிராத படச்சுருளில் பெரும்பாலும் 24 அல்லது 36 படங்களே எடுக்கலாம். அது தீர்ந்ததும் வேறொன்று வாங்க வேண்டும். எடுத்த படங்களைப் பார்க்க, சுருளை இரசாயனத்தில் கழுவித் தாளில் அச்சிட வேண்டும். சுருள், இரசாயனம், தாள் மூன்றையும் விற்றது கோடாக்தான். புதிய கருவிக்கோ இவற்றுள் எதுவும் தேவையில்லை! அதை விற்பது, அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுவதாகத் தோன்றியது. அந்தக் கிளையை நம்பி 1980களில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட ஊழியர்கள் இருந்தனர். அவர்களுள் பலர் கற்றிருந்த தொழில் இரசாயனம் சார்ந்தது; மின்னணுவியல் அன்று.

பிற்காலத்தில் கோடாக்கும் மின்னிலக்கக் கருவிகளை உற்பத்தி செய்து பெருமளவில் விற்றது. ஆயினும், படச்சுருள் ஈட்டித்தந்த இலாபத்திற்கு அவை ஈடாகவில்லை. கைப்பேசியிலேயே படமெடுக்கும் வசதி வந்தபின் அந்த விற்பனையும் சரிந்தது. 2012 ஜனவரியில், கடன் சுமை தாங்காமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது.

அதே புயல் ஜப்பானின் ஃபூஜிஃபிலிம் நிறுவனத்தையும் தாக்கியது. அங்கும் பலர் வேலை இழந்தனர். எனினும், படச்சுருள் செய்யக் கற்ற நுட்பம் வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று அந்நிறுவனம் ஆராய்ந்தது. மெல்லிய ஏடுகளைத் தயாரிக்கும் திறன் தட்டைத் திரைகளுக்கான பாதுகாப்பு ஏடுகளைச் செய்ய உதவியது. புகைப்படங்களின் நிறம் மங்காமல் காக்க நடத்திய ஆய்வுகளோ முகப்பூச்சாக மாறி, 2007இல் ‘அஸ்டாலிஃப்ட்’ என்ற பெயரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன.