ரெஸ்டாரன்ட் என்பது முதலில் ஒரு சூப்

திண்டுக்கல்லில் யாரிடமாவது "பிரெஞ்சு ரெஸ்டாரன்ட்" என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை, பெரிய தட்டின் நடுவில் சின்னதாக ஏதோ ஒன்று, கடைசியில் மயக்கம் வரவைக்கிற பில். இதுதான் மனசில் வரும். அப்படிப்பட்ட இடங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் பிரான்ஸில் சாதாரண ஜனங்கள் மதியம் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற தெருமுனைக் கடை வேறு ரகம். அந்தக் கடையும் நம்ம ஊர் பழைய பிரியாணிக் கடையும் ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன என்பது என் கட்சி. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

சொல் எங்கிருந்து வந்தது?

18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் "ரெஸ்டாரன்ட்" என்றால் கடை இல்லை. உடம்பைத் தேற்றுகிற, இறைச்சியை நெடுநேரம் வேகவைத்து இறக்கிய சாறு. நம்ம ஊரில் காய்ச்சல் விட்டவருக்கு எலும்பு சூப் வைத்துக் கொடுப்போம் இல்லையா, அதே யோசனைதான். அந்தச் சாறு விற்ற இடத்துக்கே பிறகு பெயர் ஒட்டிக்கொண்டது.

இதைச் சுற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. 1765இல் பூலாஞ்சே என்பவர் வெள்ளைச் சாஸில் ஆட்டுக்கால் போட்டு விற்றாராம், சமையல்காரர் சங்கம் வழக்குப் போட்டதாம், அவர் ஜெயித்தாராம். ஆட்டுக்கால் பாயா சாப்பிடுகிற நமக்குக் கேட்கவே இனிக்கும். ஆனால் வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங் 2000இல் வெளியிட்ட ஆய்வு நூலில், இப்படி ஒரு வழக்குக்கு ஆதாரமே இல்லை என்று காட்டிவிட்டார். அவர் முன்வைப்பது ரோஸ் த ஷாந்துவாசோ என்ற இன்னொருவரை, ஆண்டு 1766.

கசாப்புக்காரரின் கணக்கு

"நல்ல சாப்பாடு, குறைந்த விலை" என்பதைத் தொழிலாகச் செய்து காட்டியவர் துவால் என்ற பாரிஸ் கசாப்புக்காரர். காலம் 1850கள். நல்ல துண்டுகளைப் பணக்காரர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். மிச்சம் நிற்கிற கெட்டித் துண்டுகளை என்ன செய்வது? மெதுவாக வேகவைத்து, கறியும் சாறுமாக மத்தியச் சந்தைத் தொழிலாளிகளுக்கு விற்றார். சாறுக்குப் பிரெஞ்சில் "புய்யோன்". கடைக்கும் அதே பெயர் வந்தது. 1896இல் தொடங்கிய ஷார்த்தியே என்ற புய்யோன் இன்றும் நடக்கிறது. சர்வர் உங்கள் பில்லை மேசை மேல் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டிவிடுவார். நடுவில் மங்கிப்போன இந்த வகைக் கடைகள், 2017இல் பிகால் பகுதியில் ஒரு புதிய புய்யோன் திறந்த சமயத்திலிருந்து மறுபடி சூடுபிடித்திருக்கின்றன.

விலை எப்படிக் கட்டுப்படியாகிறது?

முதலாவது, சின்னப் பட்டியல். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்: ஆரம்பத்துக்கு மூன்று, நடுவில் மூன்று, இனிப்பு மூன்று. அதில் "ப்ளா து ஜூர்", அதாவது இன்றைய பதார்த்தம், ஒன்று. காலையில் சந்தையில் எது மலிவாகவும் நன்றாகவும் கிடைத்ததோ அது.

இரண்டாவது, மதியத்துக்கு ஒரே விலையில் செட். இதற்கு "ஃபோர்முல்" என்று பெயர். நம்ம அளவுச் சாப்பாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கடையில் இரவு தனித்தனியாக ஆர்டர் பண்ணினால் செலவு ஏறும்.

மூன்றாவது, மறைமுகச் செலவு இல்லை. விலைப்பட்டியலை வாசலிலேயே ஒட்டவேண்டும் என்பது அங்கே சட்டம். சாப்பாட்டோடு ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் இலவசம். சர்வீஸ் தொகை போட்ட விலைக்குள்ளேயே அடக்கம். பாட்டில் தண்ணீர் கேட்டால்தான் காசு.

இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும், தடுமாற்றம் பாதி குறையும். பிரான்ஸில் "மெனு" என்றால் செட் சாப்பாடு. முழுப் பட்டியலுக்குப் பெயர் "கார்த்". "ஆந்த்ரே" என்பது முதலில் வருவது. அமெரிக்கர்கள் மட்டும் அதே சொல்லை முக்கியப் பதார்த்தத்துக்குச் சொல்லுவார்கள்.

பட்டியல் நீண்டால் என்ன ஆகும்?

மென்பொருள் வேலையில் ஒரு புது வசதியைச் சேர்த்தால், அதைப் பராமரிக்கிற செலவு கூடவே வரும். சமையலறையும் அப்படித்தான். பட்டியலில் சேரும் ஒவ்வொரு வரியும் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா. நூறு வரி உள்ள கடையில் பாதி, முன்னமே செய்து வைத்துச் சூடுபண்ணியதாகத்தான் இருக்க முடியும். பிரான்ஸிலும் இந்த நோய் முற்றித்தான், 2014இல் "வீட்டுச் சமையல்" முத்திரை கொண்டுவந்தார்கள்: பாத்திரத்தின் மேல் வீட்டுக்கூரை போட்ட படம். பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்ததற்கு மட்டும்தான் அதைப் போடலாம்.

இப்போது திண்டுக்கல்லுக்கு வாருங்கள். 1957இல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடையின் பெயர் ஆனந்த விலாஸ். அவர் தலைப்பாகை கட்டியதால் ஜனங்கள் வைத்த பெயர்தான் பிற்பாடு ஊரெல்லாம் பரவியது. சீரகச் சம்பா, சின்னத் துண்டுக் கறி, தால்ச்சா, தயிர் வெங்காயம். நம்ம ஊர் பிரியாணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தச் சின்னப் பட்டியல்தான். தேக்ஸா காலியானால் "முடிஞ்சுருச்சு" என்று சொல்லுகிற கடையில் நேற்றைய சோறு இருக்காது. இன்று அதே தெருக்களில் ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், ஷவர்மா என்று பலகை நீண்டுகொண்டே போகிறது. நாம் இழந்துகொண்டிருப்பது இதைத்தான்.

பாண்டிச்சேரி போனால்

நமக்குக் கிட்டத்தில் பிரெஞ்சுச் சமையல் கிடைப்பது பாண்டிச்சேரியில். இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் கைமாறியது, சமையல் அங்கேயே தங்கிவிட்டது. ஒயிட் டவுனில் அழகான கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள். எனவே மதியம் போங்கள். உள்ளே நுழையும் முன் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாலு பக்கம் பாஸ்தா, பீட்சா, தந்தூரி என்று ஓடினால் திரும்பிவிடலாம். ஒரு பக்கத்தில் முடிந்தால் உட்காரலாம். "இன்னைக்கு என்ன ஸ்பெஷலா செஞ்சிருக்கீங்க?" என்று தமிழிலேயே கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கூச்சப்படாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. பாரிஸ் ரெஸ்டாரன்ட் சமையலறைகளில் எத்தனையோ வருஷமாக ஈழத் தமிழர்கள் உழைக்கிறார்கள். 2023இல் பாரிஸின் சிறந்த பாகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கியவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. பிரெஞ்சு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் வாய்ப்பும் அதோடு சேர்ந்தது. அந்தச் சாப்பாட்டைச் செய்கிற கை பல இடங்களில் நம்ம கைதான். சாப்பிட மட்டும் ஏன் தயங்கணும்?