அ முதல் ன வரை ஒரு கவசம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். ‘எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அமுக்குகிறது, மனசு ஒதுங்க ஓர் இடம் வேண்டும்’ என்கிறீர்கள். சென்னையில் அடையாறு தாண்டி, திருவான்மியூரில் முருகனடியார் பாம்பன் சுவாமிகள் சமாதி இருக்கிறதே, அவர் கதையைக் கேளுங்கள்.

1923 டிசம்பர் 27. தம்புச் செட்டித் தெருவில் போய்க்கொண்டிருந்தவர் காலில் குதிரை வண்டி ஏறி, எலும்பு முறிந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பு. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னதாகவும், முருகன்மேல் அவரே பாடிய சண்முக கவசத்தை அடியார்கள் பாராயணம் செய்ய, பதினோராம் நாள் மயில் காட்சி கிடைத்துக் கால் கூடியதாகவும் சொல்வார்கள். மார்கழியில் நடக்கும் மயூர வாகன சேவை அதன் நினைவுதான். நம்புவது உங்கள் விருப்பம். அந்தக் கவசத்தை அவர் பாடியது 1891-இல் என்பதைக் கவனியுங்கள். விபத்துக்கு 32 வருஷம் முன்பே தயாராக இருந்த அடைக்கலம் அது.

அதன் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 30 பாட்டு. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் தொடங்கும். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும். ஒன்றாம் வகுப்பில் படித்த அகர வரிசை மறக்காது. அதைப் பிடித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம்.

உள்ளே, உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் ‘காக்க’ என்று வேண்டுவதுதான் கவசம். கந்த சஷ்டி கவசத்திலும் இதே முறைதான். நாளைக்கு என்ன ஆகுமோ என்று அலைகிற மனசு, நெற்றி, கண், செவி, தோள் என்று இப்போது இருக்கிற உடம்புக்குத் திரும்பி வருகிறது. மொத்தமாக நின்ற பயம் துண்டு துண்டாகிறது.

மூச்சும் இதில் சேர்த்தி. வாய்விட்டுப் பாடினால் வெளிமூச்சு தானாக நீளும். ஜெபமாலையை லத்தீனில் சொன்னாலும், மந்திரம் ஜபித்தாலும், மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குவதாக 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் விடுகிறோம்.

ஆகவே, மனசு நன்றாக இருக்கிற நாளிலேயே ஒரு பாட்டைப் பழக்கிக்கொள்ளுங்கள். முப்பதும் வேண்டாம், ஒன்று போதும். காலையில் குளித்ததும், அவசரமில்லாமல், வாய்விட்டு. சாமி நம்பிக்கை இல்லையென்றால், உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்து மூச்சு விடுங்கள்.

அதற்கும் அடங்காமல் தூக்கமே போய்விட்டதா? டாக்டரைப் பாருங்கள். உயிரே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாதீர்கள். பேசுவதற்கு, 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது; அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கும் எந்நேரமும் போன் செய்யலாம். கவசம் பாடியவரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துத்தான் எழுந்தார். நமக்கு மட்டும் அதில் என்ன கௌரவக் குறைச்சல்?