குடலுக்கும் வரம்பு உண்டு

இரணைமடுக் குளத்து நீரால் விளையும் முரசுமோட்டை வயல்களுக்கு வரம்பு எத்தகையதோ, அத்தகையதே நம் குடலுக்கு அதன் உட்சுவர். ஓரடுக்கு உயிரணுக்களாலான இச்சுவர், உணவின் சத்தை உள்ளே விட்டு, பக்டீரியாக்களின் நச்சைத் தடுத்து நிறுத்துகின்றது.

2007ஆம் ஆண்டு பெல்ஜிய அறிஞர் பத்ரிஸ் கானி குழுவினர், எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பு மிக்க உணவை ஊட்டினர். அவற்றின் இரத்தத்தில் அந்நச்சு இரண்டு, மூன்று மடங்காயிற்று. நச்சைத் தனியே செலுத்தியபோதும் எலிகள் பருத்தன. ஈரலில் இன்சுலினின் ஆற்றல் குன்றியது. நீரிழிவு நுழையும் வழிகளுள் இதுவும் ஒன்றென அறிஞர் பலர் கருதுவர்.

கொழுப்பு முற்றும் பகையன்று, மிகுதியே பகை. தவிடு நீக்காத சிவப்பரிசி, கீரை, பயறு ஆகியவற்றின் நாரிலிருந்து பக்டீரியாக்கள் ஆக்கும் பியூற்றிரிக் அமிலமே பெருங்குடற் சுவருக்கு முதன்மை உணவு.

அன்னையரே, மாணவரே! பொரித்த பண்டத்தைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள். வரம்பு உடையுமுன் காப்பதே உழவர் அறிவு.