இருட்டைப் படம் பிடித்தவர்!

குட்டீஸ்... இருட்டைப் படம் பிடிக்க முடியுமா? பிடித்துக் காட்டினார் ஒருவர். அவர் பெயர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், 1857ல் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். வீட்டில் கடும் வறுமை. பள்ளிக்குச் சென்றது இரண்டே மாதங்கள்தான். ஒன்பது வயதில், ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே படங்களைப் பெரிதாக்க, சூரிய ஒளியில் இயங்கும் பெரிய கேமரா இருந்தது. சூரியன் நகர நகர, கேமராவையும் அதன் பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் அந்தச் சிறுவனின் வேலை!

வளர்ந்ததும் வானியல் அறிஞர் ஆனார். பால்வீதியில் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் தெரியும். 'அவை ஓட்டைகள், அங்கே நட்சத்திரங்கள் இல்லை' என்று பலர் நினைத்தனர். முதலில் பர்னார்டும் அப்படித்தான் எண்ணினார். உண்மை அறிய, படம் எடுக்கத் தொடங்கினார்.

நம் கண், ஒளியைச் சேர்த்து வைக்காது. போட்டோ தகடு அப்படியல்ல. சொட்டும் குழாயடியில் வைத்த குடம் மாதிரி! நேரம் ஆக ஆக ஒளி சேர்ந்து, மங்கலானவையும் பதியும்.

ஆனால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி நகர்வது போலத் தோன்றும். தொலைநோக்கியும் கூடவே நகராவிட்டால், புள்ளிகள் கோடுகளாகிவிடும். அதனால், பர்னார்டு ஒரே நட்சத்திரத்தைப் பார்த்தபடி, மணிக்கணக்கில் தொலைநோக்கியைச் சரிசெய்துகொண்டே இருப்பார். அன்று சூரியன், இப்போது நட்சத்திரம்!

1905ல் மவுன்ட் வில்சன் மலையிலும் படங்கள் எடுத்தார். ஒளிரும் மேகம், மெல்ல மெல்ல இருண்டு கறுப்புத் திட்டாக மாறுவது சில படங்களில் பதிவானது. ஓட்டை என்றால் இப்படி இருக்குமா? பல திட்டுகள், பின்னால் உள்ள நட்சத்திரங்களை மறைக்கும் மேகங்களே என்ற முடிவுக்கு வந்தார். 1919ல், 182 இருண்ட திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். இந்த மேகங்களில் இருப்பது வாயுவும் நுண்ணிய தூசியும். புதிய நட்சத்திரங்கள் பிறப்பதும் இத்தகைய மேகங்களில்தான்!

இப்போது டிஜிட்டல் கேமராவில் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்கின்றனர். ஆனாலும், நகரத்து விளக்கு வெளிச்சத்தில் தூசி மேகங்கள் மூழ்கிவிடும். இருட்டையும் நாம் காப்பாற்ற வேண்டும்!

மார்கழி, தை மாத இரவுகளில் மாடி விளக்கை அணைத்து, கால் மணி நேரம் காத்திருங்கள். ஓரியன் கூட்டத்தில், வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அருகே பனிபோலத் தெரிவது ஓரியன் நெபுலா. அந்த மூன்றில் ஒன்றின் பக்கத்திலேயே, பர்னார்டு பட்டியலின் 33ம் எண்ணான 'குதிரைத் தலை' ஒளிந்திருக்கிறது. அது வெறும் கண்ணுக்குச் சிக்காது. பொறுமையான கேமராவுக்குச் சிக்கும்!