வாவியும் வானிலையும்

புளியந்தீவைச் சூழ்ந்து கிடக்கும் மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வயல்நிலங்களுக்கும் கடலுக்குமிடையே நீண்டு செல்லும் இந்நீர்ப்பரப்பிலே ஒரு பகற்பொழுதைத் தோணியிற் கழிப்பவன், காற்றின் இயல்பை ஏட்டிலே கற்பதினும் தெளிவாகக் கற்றுக்கொள்ளுகின்றான். சித்திரை மாதத்து நாளொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

விடியற்காலையிலே பழைய கோட்டையருகிலிருந்து தோணி புறப்படும்போது வாவி கண்ணாடிபோலக் கிடக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய குளிர்காற்று வீசும். இரவிலே நிலம் விரைவிற் குளிர்ந்துவிடுகின்றது. கடலோ தன் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. கடலின் மேலுள்ள வெப்பக்காற்று மேலெழ, தரைக்காற்று அவ்விடத்தை நிரப்பச் செல்லுகின்றது. பாய்விரித்துச் சென்ற மீனவர்க்கு வைகறையிலே துணைநின்றது இக்காற்றேயாகும். கல்லடிப் பாலத்தின்கீழ் நுழைந்து வடக்கே சென்றால், 1913 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பாலமீன்மடு வெளிச்சவீடு தோன்றும். அதனருகேதான் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் இருக்கின்றது.

வெயில் ஏற ஏற நிலைமை தலைகீழாகின்றது. இப்போது நிலமே கடலினும் விரைவாகச் சூடேறுகின்றது. நிலத்தின்மேற் காற்று எழ, கடற்காற்று உள்ளே புகுகின்றது. முகத்துவாரத்திலே இம்மாற்றம் எளியதொன்றன்று. வாவியிலிருந்து வெளியேறும் நீரோட்டமும், காற்றால் உந்தப்பட்டு வரும் அலையும் ஆழங்குறைந்த மணற்றிட்டின்மேல் எதிர்ப்படும்போது, அலை செங்குத்தாக உயர்ந்து உடைகின்றது. காலையிலே இலகுவாகக் கடந்த வாயில் நண்பகலிலே தோணியைக் கவிழ்த்துவிடக்கூடும். அநுபவமுள்ள தோணிக்காரர் அங்கே நின்று அலைகளைப் பார்த்த பின்னரே துடுப்பை இடுவர்.

பிற்பகலில் மேற்கே முகில்கள் மலைபோல் உயரும். திடீரெனக் காற்று அடங்கிப் புழுக்கம் மிகும். பின்பு குளிர்ந்த வீச்சொன்று உடலைத் தொடும். மழையோடு முகிலினின்று இறங்கும் குளிர்காற்று நாற்புறமும் பரவுவதே இதற்குக் காரணம். மழைத்துளி விழுமுன்னரே பலத்த காற்று வந்துவிடும். வாவி ஆழங்குறைந்ததாதலால், குட்டையான முரட்டலைகள் சில நிமிடங்களிலே எழுந்துவிடும். குளிர்வீச்சை உணர்ந்தவுடனே பாயைச் சுருட்டி, அண்மையிலுள்ள கரையை அடைவதே அறிவுடைமை. வெட்டவெளி நீரிலே இடிமின்னலுக்கு மறைவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் மழை ஓய்ந்து, மாலை வெயிலிலே தோணி வீடு திரும்புவதும் உண்டு.

இவையெல்லாம் கண்ணாலும் உடலாலும் அறியத்தக்கவை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவிலே பிறக்கும் புயல் இவ்வகையினதன்று. அது நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலே உருவாகின்றது. அதன் முன்னறிகுறியாய் நெடிய அலை கடற்கரைக்கு வரலாம். மணற்கரைக்குப் பின்னால் வாவியிலே இருப்பவனுக்கு அதுவும் தெரிவதில்லை. மேலும், புயலின் நடுவிடம் ஓர் ஊரின்மேல் வரும்போது காற்று அடங்கிவிடும். பிற்பகல் மழைக்குப் பழகியவன் அவ்வமைதியை முடிவென்று எண்ணி வெளியே வருவான். சிறிது நேரத்திலே எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தோடு காற்று மீண்டும் தாக்கும்.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், வீடுகள் இடிந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அதனை நேரிற் கண்ட முதியோர் இன்றும் கார்த்திகைக் காற்றை அச்சத்தோடு நோக்குவர்.

ஆதலால், பரம்பரையாக வந்த தோணிக்காரரின் அறிவைக் குறைத்து மதிப்பதற்கில்லை. அதனை மட்டும் நம்பியிருப்பதற்குமில்லை. அன்றாடக் காற்றை அவர் கண் அறியும். தொலைவிலே பிறந்த புயலை அறிதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்கவேண்டும். மாரிகாலத்திலே, தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கின்றது என்பது தோணியை அவிழ்ப்பதற்குப் போதிய காரணமாகாது.