நாலு மணிப் பயணமும் இரண்டு கடிகாரங்களும்

நாம் வாழ்வது கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில். தமிழ்நாட்டிலிருந்து ஒரு துக்கச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?” என்பதுதான் அங்குள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி. உடலை எடுப்பதா, காத்திருப்பதா என்பது நம் பதிலைப் பொறுத்தது. ஆகவே இந்தக் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1981-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரம்கூட வராது. ஆனால் விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் என்று கொள்ளலாம். நம் பாட்டன்மார் ‘ரஜுலா’ கப்பலில் இதே கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று.

இனி டிக்கெட்டைப் பாருங்கள். காலை 8 மணிக்குப் புறப்பாடு, 9.30-க்குச் சென்னை என்றிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் இந்தியாவா? திரும்பி வரும்போதோ இரவு 10 மணிக்கு ஏறி, விடியற்காலை 4.30-க்கு இறங்குவதாக இருக்கும். அது ஆறரை மணி நேரம்! இரண்டும் ஒரே நாலு மணிப் பயணம்தான். புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் இந்த ஊர்க் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது.

இந்த இரண்டரை மணி முழுவதும் சூரியன் தந்ததல்ல. பூமி சுழல்வதால் நமக்குச் சூரியன் சென்னையைவிட ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முந்தி உதிக்கிறது. மீதி, அரசாங்கங்கள் கடிகாரத்தை வைத்த விதம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியது. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான். பெரட்டுக்குப் போகும்போது இன்னும் இருட்டாக இருப்பதற்கும் இந்தக் கடிகாரமே காரணம்.

ஆனால் நேரத்தை அதிகம் தின்பது ஆகாயமல்ல, தரைதான். காலை 8 மணி விமானத்துக்கு 5 மணிக்கே சாங்கியில் இருக்க வேண்டும். ஜொகூர் பாருவுக்கு 40 கிலோமீட்டர். பிறகு பாலத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனை. விடுமுறை நாள் என்றால் வரிசை எவ்வளவு நீளும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே பின்னிரவு 2 மணிக்குப் புறப்படுவது நல்லது. சென்னையில் இறங்கிச் சோதனை முடித்து வெளியே வர, அந்த ஊர் நேரப்படி 11 மணி ஆகும். திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு அதன்பின் 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம் இருக்கிறது. திருச்சிக்கே நேர் விமானம் கிடைத்தால் அந்த ஆறு மணி நேரம் மிச்சம்.

பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருந்து, சென்னை வழியாகத்தான் போகிறோம் என்றால், ஊருக்குச் சொல்ல வேண்டிய பதில்: “நாளை மாலை ஐந்து மணி, உங்கள் நேரப்படி.”